அண்ணனுக்கு ஏன் டிக்கெட் இல்லை?

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து ஒரு சிறிய நாடகக் குழு நடத்துகிறோம். மாற்றுத்திறனாளிகளும் வந்து பார்க்க வழி செய்ய ஆசை. விசாரித்த வசதி எல்லாமே எங்கள் கைக்கு மீறிய செலவாக இருக்கிறது. குறைந்த செலவில் என்ன செய்யலாம்? என் அண்ணனுக்கும் பார்வை கிடையாது. நாடகத்துக்கு அவர் வந்ததில்லை. வீட்டுக்குப் போனதும் கதையைச் சொல்லிவிடுவேன், அவருக்கு அது போதும்.

பதில்: தம்பி, செலவு இருக்கட்டும். போகிற போக்கில் 'அவருக்கு அது போதும்' என்று எழுதியிருக்கிறீர்களே, போதும் என்று சொன்னது அவரா, நீங்களா?

இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. ஊருக்கெல்லாம் வழி செய்யத் துடிப்பார்கள். வீட்டில் ஒருவர் தனியாக உட்கார்ந்திருப்பார். கேட்டால், 'அவருக்கு எதற்கு வீண் அலைச்சல்' என்பார்கள். அலைச்சல் அவருக்கா, கூட்டிப் போகிறவருக்கா? கூடப்பிறந்தவரைக் கைபிடித்து அழைத்துப் போவது தொண்டு இல்லை, கடமை. அதைச் செய்யாமல் ஊராருக்குச் செய்கிற சேவையில் எனக்கு மரியாதை கிடையாது.

சரி, நீங்கள் கேட்டதற்கு வழியும் அந்த வரியிலேயே இருக்கிறது. ராத்திரி வீட்டில் சொல்கிற கதையை நாடகம் நடக்கும்போதே அவர் காதில் சொல்லுங்கள். ஒலி விவரிப்பு என்பது இதுதான். வாஷிங்டனின் அரீனா ஸ்டேஜ் அரங்கில் 1981-லேயே இதைச் செய்தார்கள். முன்னின்று செய்த மார்கரெட் ஃபான்ஸ்டீலுக்கே பார்வைக் குறைபாடு உண்டு.

உங்களுக்கு செல்போன் போதும். மேடை தெரிகிற, ஆனால் பேசுவது பார்வையாளருக்குக் கேட்காத அறையில் குழுவிலிருந்து ஒருவர் உட்கார்ந்து கான்ஃபரன்ஸ் கால் போடட்டும். கேட்பவர்கள் மைக்கை மியூட் செய்துவிட்டு, ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொள்ளட்டும். இன்னொரு காது நடிகர்களுக்கு. வசனத்தின் மேல் ஏறிப் பேசக்கூடாது, இடைவெளியில் மட்டும்தான். அதிலும் 'அவள் கோபமாக இருக்கிறாள்' என்று சொல்லாதீர்கள். 'கடிதத்தை நாலாகக் கிழிக்கிறாள்' என்றால் போதும், கோபம் கேட்பவருக்கே புரியும். இதற்கு ஒத்திகை வேண்டும், நடிப்புக்கு வேண்டிய அளவுக்கே.

நாடகம் தொடங்க அரைமணி முன்னால் அவர்களை மேடைக்குக் கூட்டிப் போங்கள். நாற்காலி எங்கே, கதவு எங்கே என்று நடந்து பார்க்கட்டும். உடைகளைத் தொட்டுப் பார்க்கட்டும். ஒவ்வொரு நடிகரும் தன் பாத்திரத்தின் குரலில் பெயரைச் சொன்னால் அப்புறம் குழப்பமே வராது. இதற்கு ஒரு பைசா செலவில்லை.

காது கேளாதவர்களுக்கு வசனங்களைச் சுவரில் காட்டலாம். வசனம் உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு லேப்டாப், இரவல் புரொஜெக்டர், சரியான நேரத்தில் பொத்தானை அழுத்த ஓர் ஆள். சக்கர நாற்காலிக்காக வரிசையின் நடுவில் நாற்காலிகளை எடுத்து இடம் விடுங்கள். கதவோரத்தில் ஒதுக்காதீர்கள். படியில் பலகையைச் சாய்த்துவிட்டுச் சாய்தளம் என்று சொல்கிற அசட்டுத்தனமும் வேண்டாம். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதுதான் பலரும் பின்பற்றுகிற கணக்கு. அதற்கு இடமில்லையென்றால் தரைமட்ட அரங்கமாகப் பாருங்கள். என்னென்ன வசதி உண்டு, எது இல்லை என்பதை அழைப்பிதழிலேயே போட்டுவிடுங்கள். வந்து பார்த்துத் திரும்பிப் போவது கொடுமை.

இதையெல்லாம் நீங்களே உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். அடுத்த ஒத்திகைக்கு அண்ணனைக் கூட்டிப் போங்கள். அம்மாவிடம் கேட்காதீர்கள், அவரிடமே கேளுங்கள். முதல் தடவை யாரும் எதுவும் விவரிக்க வேண்டாம். எந்தெந்த இடத்தில் மேடையில் என்ன நடக்கிறதென்று தெரியாமல் போயிற்று என்று அவரைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். விவரிப்பவர் பேச வேண்டிய இடங்கள் அவைதான். நாடகமே சுமார்தான் என்று அவர் சொன்னால், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.