டைமிங் பெல்ட்: 13,500 ரூபாயைத் தள்ளிப்போட்டால் மிச்சம் எவ்வளவு?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் குலசேகரம். கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். 2015-ஆம் ஆண்டு மாடல் டஸ்டர் டீசல் காரை 2023-இல் பழைய வண்டியாக வாங்கினோம். இப்போது 92,000 கிலோமீட்டர் காட்டுகிறது. மாமியாரைச் சோதனைக்கு நாகர்கோவில் அழைத்துப் போவது, கணவர் வந்து போகும்போது திருவனந்தபுரம் விமான நிலையம், மற்றபடி மார்த்தாண்டம் என்று மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும். ஆயில் மாற்றப் போன இடத்தில் டைமிங் பெல்ட்டையும் வாட்டர் பம்பையும் மாற்ற வேண்டும் என்றார்கள். மார்த்தாண்டத்தில் தனியார் பட்டறையில் 13,500 ரூபாய், கம்பெனி சர்வீஸ் சென்டரில் 21,800 ரூபாய் என்று எஸ்டிமேட். பெல்ட் அறுந்தால் 70,000 வரை போகும் என்று பட்டறைக்காரர் பயமுறுத்துகிறார். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. "அறுந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், இன்சூரன்ஸ் இருக்கிறதே" என்கிறார் கொழுந்தனார். மழையால் ஒரு மாதமாக எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டு இல்லை, கையில் பணத் தட்டுப்பாடு. சேமிப்புக் கணக்கில் 19,000 ரூபாய் இருக்கிறது. கூட்டுறவு வங்கியில் மாதம் 3,000 ரூபாய் ஆர்.டி.யில் எட்டுத் தவணை கட்டியிருக்கிறேன். ஒரு வளையலை அடகு வைக்கலாமா, ஆர்.டி.யை உடைக்கலாமா, கார்டில் மாதத் தவணையாகப் போடலாமா? டிசம்பரில் கணவர் வரும்போது இதை விற்றுவிட்டுச் சிறிய பெட்ரோல் கார் வாங்கும் எண்ணமும் இருக்கிறது. அப்படியானால் இந்தச் செலவு வீண்தானே?
— ஒரு வாசகி, குலசேகரம்

பதில்: முதலில் கொழுந்தனாருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இன்சூரன்ஸில் ஒரு பைசாவும் வராது. நம் நாட்டு வாகனக் காப்பீட்டின் அடிப்படைப் பத்திரத்திலேயே தேய்மானம், இயந்திரப் பழுது, அவற்றின் விளைவாக வரும் சேதம் எல்லாம் விலக்கப்பட்டவை. "இன்ஜின் பாதுகாப்பு" என்று தனிப் பிரீமியம் கட்டி எடுக்கும் கூடுதல் பிரிவும் பெரும்பாலும் வெள்ளநீர் புகுவது, ஆயில் கசிவு போன்றவற்றுக்குத்தான். காலாவதியான பெல்ட் அறுந்து வால்வு வளைந்தால் அது பராமரிப்புக் குறை என்று கடிதம் வரும். சாலையோர உதவிப் பிரிவு உங்கள் பத்திரத்தில் இருந்தால் வண்டியை இழுத்துச் செல்லும் செலவு மட்டும் மிச்சமாகலாம்.

அடுத்து, பட்டறைக்காரர் பயமுறுத்துகிறாரா, உண்மையைச் சொல்கிறாரா? இந்த விஷயத்தில் அவர் சொல்வது உண்மை. உங்கள் வண்டியில் இருப்பது 1.5 லிட்டர் டீசல் இன்ஜின். அதில் பிஸ்டன்களோடு சேர்ந்து சுழலும் கிராங்க் ஷாஃப்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டையும் ஒரே தாளத்தில் சுழல வைப்பது இந்தப் பெல்ட்தான். டீசல் பம்பும் வாட்டர் பம்பும்கூட இதே பெல்ட்டில்தான் ஓடுகின்றன. பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு மூடியிருக்க வேண்டும். பெல்ட் அறுந்தால் வால்வு திறந்தபடி நின்றுவிடும், பிஸ்டன் வந்து மோதும், வால்வு வளையும். பிறகு இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டும், வால்வுகள், கேஸ்கட், லேத் வேலை, கூலி எல்லாம் சேரும். பிஸ்டனும் அடிபட்டிருந்தால் 70,000-ஐயும் தாண்டும்.

"வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். பிரேக் தேய்ந்தால் சத்தம் வரும், கிளட்ச் தேய்ந்தால் வண்டி இழுக்காது. டைமிங் பெல்ட் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. அறுவதற்கு முந்தைய நிமிடம் வரை வண்டி நன்றாகத்தான் ஓடும். கிலோமீட்டர் குறைவு என்பதும் முழு ஆறுதல் இல்லை. இந்தப் பெல்ட்டுக்குத் தயாரிப்பாளர்கள் கிலோமீட்டர், ஆண்டு என்று இரண்டு கெடு கொடுப்பது வழக்கம். எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. ரப்பர் தோட்டக்காரரான உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெயிலில் கிடந்த ஷீட் யாரும் தொடாமலேயே பிசுபிசுத்துப் போகிறதல்லவா? பெல்ட் செயற்கை ரப்பரில் கண்ணாடி இழை வைத்துச் செய்தது, அதனால் நீண்ட காலம் தாங்கும். ஆனாலும் இன்ஜின் சூட்டில் வருடக்கணக்கில் இருந்தால் அதற்கும் முதுமை வரும். வண்டிக்குப் பத்து வயது தாண்டிவிட்டது. முந்தைய உரிமையாளர் மாற்றியதற்கான பில் இருக்கிறதா? கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பழைய பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள். மீட்டர் காட்டும் 92,000-மும் உண்மைதானா என்பது அப்போது தெரிந்துவிடும். பதிவு இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி பணக் கணக்குக்கு வருகிறேன். பெரும்பாலோர் தடுமாறும் இடம் இது. இந்த மாதம் பெல்ட்டை மாற்றாவிட்டால் 13,500 ரூபாய் மிச்சம் என்று மனம் கணக்குப் போடுகிறது. அது மிச்சம் இல்லை. வண்டியை வைத்திருக்கும் வரை அந்த 13,500 என்றைக்காவது கொடுத்தே தீர வேண்டிய தொகை. ஒரு வருடம் தள்ளிப்போட்டால் உங்களுக்கு உண்மையில் கிடைப்பது அந்தப் பணத்துக்கான ஒரு வருட வட்டி மட்டுமே. 7 சதவீதம் என்று வைத்தால் 945 ரூபாய். இந்த 945 ரூபாய்க்காக நீங்கள் பணயம் வைப்பது எவ்வளவு? 70,000-இல் எப்படியும் செலவழிக்க வேண்டிய 13,500 போக, மீதி 56,500. வகுத்துப் பாருங்கள்: கெடு முடிந்த பெல்ட் இந்த ஒரு வருடத்தில் அறுவதற்கு அறுபதில் ஒரு வாய்ப்பு இருந்தாலே உங்களுக்கு நஷ்டம். பத்து வயதுப் பெல்ட்டின் மேல் அறுபதுக்கு ஒன்று என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். ஓடும்போது அறுந்தால் இன்ஜின் அந்த நொடியே நிற்கும், ஸ்டியரிங் கனத்துப் போகும், பிரேக்கை மிதிக்க வழக்கத்தைவிட அதிக பலம் வேண்டும். நள்ளிரவில் விமான நிலையத்திலிருந்து திரும்பும் வழியில், களியக்காவிளைக்கு முன்னால், வண்டி நிறைய ஆட்களோடு அது நடந்தால் ஆகும் செலவை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

விற்கப்போகும் வண்டிக்கு இந்தக் கணக்கு பொருந்துமா என்பது நியாயமான கேள்வி. டிசம்பருக்கு ஆறு மாதம். அதற்குள் நிச்சயம் விற்றுவிடுவீர்கள் என்றால் 13,500 மிச்சம் என்று சொல்லலாம்தான். ஆனால் நான் பார்த்தவரை "டிசம்பரில் விற்கலாம்" என்ற பேச்சு கிறிஸ்துமஸ் கேக்கோடு முடிந்து, அடுத்த விடுமுறைக்கு ஒத்திவைக்கப்படும். விற்றாலும், பத்து வயது டீசல் வண்டி வாங்க வருகிறவர் மெக்கானிக்கோடுதான் வருவார், அவர் முதலில் கேட்பது பெல்ட்டைத்தான். கிலோமீட்டரும் தேதியும் போட்ட பில் கையில் இருந்தால் போட்ட பணத்தில் ஒரு பகுதி விலையில் திரும்பி வரும். இல்லையென்றால் அவர் 13,500-க்குப் பதில் 25,000 குறைத்துக் கேட்பார். அதனால் விற்பதாக இருந்தாலும் மாற்றுங்கள் என்பதே என் பதில்.

இடையில் ஒன்று. பத்து வருட டீசல் வண்டிக்குத் தடை வரும் என்ற பயத்தில்தான் விற்க நினைக்கிறீர்கள் என்றால், அந்தப் பத்து வருடக் கதை டெல்லியையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்தது. நம் பக்கம் தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும், பிறகு தகுதிச் சோதனை முடித்துப் புதுப்பிக்கலாம். உங்கள் வண்டிக்கு 2030 வரை பதிவு இருக்கும். இப்போது போடும் பெல்ட்டும் ஏறக்குறைய அதுவரை வரும். ஐந்து வருடம், 60,000 கிலோமீட்டர் என்று வைத்தால் மாதம் 225 ரூபாய், கிலோமீட்டருக்கு 23 பைசாகூட இல்லை. டீசலுக்கு மட்டும் கிலோமீட்டருக்கு ஆறு ரூபாய் அளவில் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

எங்கே மாற்றுவது? இரண்டு எஸ்டிமேட்டின் நகலையும் அனுப்பியிருந்ததற்கு நன்றி, வேலை எளிதாகிவிட்டது. கம்பெனி எஸ்டிமேட்டின் கடைசி இரண்டு வரிகளைப் பாருங்கள்: இன்ஜின் கார்பன் நீக்கம் 3,200, ஏ.சி. கிருமி நீக்கம் 1,450. இரண்டுக்கும் பெல்ட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நீங்கள் கேட்கவும் இல்லை. அடித்துவிடச் சொல்லுங்கள், தொகை 17,150-க்கு இறங்கிவிடும். ஆக உண்மையான வித்தியாசம் 8,300 இல்லை, 3,650 ரூபாய்தான். மாறாக, அதே தாளில் உள்ள டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளை), வாட்டர் பம்ப், கூலன்ட் ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். பெல்ட்டைக் கழற்றவே இன்ஜின் மவுண்ட் வரை பிரிக்க வேண்டும். பெரும்பகுதிக் கூலி அதற்குத்தான். பழைய வாட்டர் பம்பை விட்டுவைத்து, அது அடுத்த வருடம் கசிந்தால், அதே கூலியை மறுபடியும் கொடுப்பீர்கள். பம்ப் இறுகிப்போனால் புதுப் பெல்ட்டையும் சேர்த்துக் கெடுக்கும். பெல்ட்டை மட்டும் மாற்றி 6,000 ரூபாயில் முடித்துத் தருகிறேன் என்று வேறு யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

மார்த்தாண்டம் பட்டறைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த இன்ஜினுக்கு லாக் பின் வைத்திருக்கிறீர்களா?" கிராங்கையும் கேமையும் அசையாமல் பூட்டிவைத்து பெல்ட் மாட்டுவதற்கான கருவி அது. வைத்திருப்பவர் உடனே எடுத்துக் காட்டுவார். "பெயிண்டில் மார்க் போட்டுக்கொள்வேன்" என்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். பெல்ட் ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வம்பு. உதிரிபாகம் கிடைக்குமா என்ற கவலை வேண்டாம். இந்த டீசல் டஸ்டர் தயாரிப்பு 2020-இல் நின்றுவிட்டாலும், இதே இன்ஜின் டெரானோ, சன்னி, மைக்ரா, லாட்ஜி, வெரிட்டோ டீசல் வண்டிகளிலும் வந்தது. பாகம் வந்த பெட்டியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், கழற்றிய பெல்ட்டையும் பம்பையும் டிக்கியில் போட்டுத் தரச் சொல்லுங்கள். பாக எண், கிலோமீட்டர், தேதி, ஆறு மாத உத்தரவாதம் ஆகியவை எழுதிய ஜிஎஸ்டி பில் கட்டாயம். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு வரி ஒரே சீராக 18 சதவீதம். எஸ்டிமேட்டில் எங்காவது பழைய 28 சதவீதம் தெரிந்தால் திருத்தச் சொல்லுங்கள். "பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன்" என்ற பேரத்துக்கு மட்டும் இணங்காதீர்கள். விற்கும்போது கைகொடுக்கப்போவது அந்தத் தாள்தான். லாக் பின்னும் பில்லும் இருந்தால் பட்டறையே போதும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் 3,650 அதிகம் கொடுத்துக் கம்பெனிக்குப் போங்கள்.

பணத்தை எங்கிருந்து எடுப்பது? வளையல் பீரோவிலேயே இருக்கட்டும். பதினான்காயிரம் ரூபாய்க்கு வங்கியில் நகைக் கடன் வாங்கினால் வட்டி தாங்கக்கூடியதுதான். ஆனால் சின்னத் தொகை என்பதாலேயே திருப்ப மறந்து, வருடா வருடம் வட்டி மட்டும் கட்டிப் புதுப்பித்து வரும் வளையல்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். தெருமுனையில் நூற்றுக்கு இரண்டு வட்டி என்பது ஆண்டுக்கு 24 சதவீதம், அந்தப் பக்கம் போகவே வேண்டாம். கார்டு தவணையிலும் வட்டி, செயல்பாட்டுக் கட்டணம், அவற்றின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்று அடுக்கடுக்காக ஏறும்.

சேமிப்புக் கணக்கின் 19,000-ஐயும் தொட வேண்டாம் என்பேன். மாமியாருக்கு உடம்பு சரியில்லாத வீட்டில், பால் வெட்டு நின்ற மாதத்தில், அதுதான் அவசரத்துக்கு நிற்கும் பணம். ஆர்.டி.யை உடையுங்கள். உடைப்பதைப் பெரிய பாவம்போல் நம் வீடுகளில் பார்ப்பார்கள். நஷ்டம் எவ்வளவு என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. எட்டுத் தவணையில் 24,000 கட்டியிருக்கிறீர்கள். முதல் தவணை எட்டு மாதம் இருந்தது, கடைசித் தவணை ஒரு மாதம்தான் இருந்தது. கூட்டிப் பார்த்தால் 9,000 ரூபாய் ஒரு வருடம் வங்கியில் இருந்ததற்குச் சமம். முன்கூட்டியே முடிப்பதற்கு ஒரு சதவீதம் வட்டியைக் குறைத்தால் உங்களுக்குப் போவது 90 ரூபாய். குறைந்த காலத்துக்கான வட்டி விகிதம் போட்டால் இன்னும் கொஞ்சம் போகும். ஆர்.டி. மேல் கடன் தருவார்களா என்றும் அதே கவுன்டரில் கேளுங்கள். தந்தால் கணக்கை உடைக்காமலேயே காரியம் முடியும். ஆனால் மழை விட்டு ஷீட் போட ஆரம்பித்ததும் மூன்று நான்கு மாதத்தில் அடைத்துவிடுங்கள். உடைத்தால், மீதிப் பணத்தைச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிட்டு, அடுத்த மாதமே புது ஆர்.டி. தொடங்குங்கள். இம்முறை 3,500-ஆக இருக்கட்டும்; கூடுதல் 500 டயர், பேட்டரி, அடுத்த பெல்ட் ஆகியவற்றுக்கு.

டிசம்பரில் பெட்ரோல் வண்டி பார்க்கும்போது இன்ஜினில் பெல்ட்டா செயினா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய ஆல்டோ 800-இல் பெல்ட். மாருதியின் கே சீரிஸ் பெட்ரோல் இன்ஜின்களிலும் ஹூண்டாய் 1.2 கப்பா இன்ஜினிலும் செயின். செயினுக்குக் கெடு தேதி கிடையாது, ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் போதும். மாற்றாமல் ஓட்டிய வண்டியில் செயினும் தளரும், காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் கரகரவென்று சத்தம் கேட்கும். ஆகவே பழைய வண்டி பார்க்கப் போகும்போது இன்ஜின் ஆறியிருக்கும் காலை நேரத்தில் போங்கள். பெல்ட் வண்டியாக இருந்து, விற்பவரிடம் மாற்றியதற்கான பில் இல்லையென்றால், அந்த வண்டிக்கு ஆகும் பெல்ட் செலவைப் பட்டறையில் கேட்டுவைத்துக்கொண்டு, அதை விலையில் கழித்துப் பேசுங்கள்.