பழைய பத்மினிக்கு பெயிண்ட்: சுரண்டறதா, மேலயே அடிக்கிறதா?

கேள்வி: அண்ணா, தாத்தா வாங்கின பிரீமியர் பத்மினி, 1986 மாடல், குடியாத்தத்துல ஷெட்டுல சும்மா நிக்குது. வேலூர்ல ரெண்டு டிங்கரிங் கடைல கேட்டேன். ஒருத்தர் லைட்டா தேய்ச்சுட்டு பிரைமர் அடிச்சா போதும்ங்கிறாரு, இன்னொருத்தர் தகடு தெரியற வரைக்கும் சுரண்டியே ஆகணும்ங்கிறாரு, ரேட்டு டபுள். யார நம்பறது?

பதில்: தம்பி, அடியில என்ன பெயிண்ட் இருக்குன்னு ரெண்டு பேருமே பாத்திருக்க மாட்டாங்க, அத நீயே பாத்துடலாம். டிக்கி உள்பக்கம் ஒரு மூலைல என்சி தின்னர் (நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட கரைக்கிறது) நனைச்ச வெள்ளத் துணிய வச்சு அரை நிமிஷம் தேய். கலர் துணில ஒட்டிக்கிட்டு வந்தா பழைய என்சி பெயிண்ட், உப்பி சுருங்கிச்சுன்னா சிந்தெடிக் எனாமல், ஒண்ணுமே ஆகலைன்னா அனேகமா பின்னாடி யாரோ பியூ (பாலியூரிதேன்) பெயிண்ட் அடிச்சிருக்காங்க. பியூவா இருந்து வெடிப்பு இல்லாம கெட்டியா புடிச்சிருந்தா முதல் ஆள் சொன்னது சரி, சுரண்டறது தண்டச் செலவு. மத்த ரெண்டுன்னா நான் சுரண்டத்தான் சொல்லுவேன். என் அம்பாசிடர்ல எனாமல் மேலயே டூகே (ஹார்டனர் கலந்து அடிக்கிற) பிரைமர் அடிச்சுட்டாங்க, கடை பேரு வேணாம், அரை மணி நேரத்துல ரூஃப் பூரா பால் ஆடை மாதிரி சுருங்கிப் போச்சு, மறுபடி சுரண்டற காசும் என் தலைலதான்.

அப்புறம் ஒரு காந்தத்த பேப்பர்ல சுத்தி கதவு அடிப்பக்கம், மட்கார்டு ஓரம் எல்லாம் ஓட்டிப்பாரு, எங்க ஒட்டலையோ அங்க லப்பம் (பள்ளத்த அடைக்கிற பட்டி) மொத்தமா இருக்கு, அதுக்குக் கீழ துரு இருக்கவும் வாய்ப்பு ஜாஸ்தி. அந்த எடத்துல மட்டும் எந்தப் பெயிண்டா இருந்தாலும் தகடு வரைக்கும் போய்த்தான் ஆகணும்.

கடைல எல்லாரும் கோட்டை விடறது ஒண்ணு இருக்கு. உப்புத்தாள் தொடறதுக்கு முன்னாடியே சோப்பு போட்டு கழுவி, மெழுகு எடுக்கிற கிளீனர் போட்டு தொடைக்கணும். வருஷக்கணக்கா போட்ட பாலிஷ் மேல அப்படியே தேய்ச்சா அது உள்ள இறங்கிடும், பெயிண்ட் அடிச்சதும் மீன் கண்ணு மாதிரி குழி குழியா வரும். கழுவினப்புறம் சுரண்டற எடத்துக்கு 80 நம்பர் உப்புத்தாள், ஓரத்த சரிவா இறக்க 180, 220, பிரைமருக்கு முன்னாடி 320. கண்ண மூடி விரல ஓட்டு, நகம் தட்டுதுன்னா இன்னும் வேலை இருக்கு. லப்பத்த மட்டும் தண்ணி போட்டு தேய்க்க விடாத, அது தண்ணிய குடிச்சிடும், நம்ம ஊரு வெயில்ல மேல பத்து நிமிஷத்துல காஞ்ச மாதிரி தெரியும், உள்ள ஈரம் இருக்கும், ஆறு மாசத்துல கொப்புளம். தெரியற தகட்டுக்கு அன்னிக்கே எபாக்சி பிரைமர் போடச் சொல்லு, ராத்திரி விட்டா பனிலயே துரு புடிக்கும். பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம், தேய்க்கும்போது கொழந்தைங்கள பக்கத்துல விடாத.

காசு மூணு தவணையா குடு, ரெண்டாவது தவணை பிரைமருக்கு முன்னாடி நீ நேர்ல போய்ப் பாத்தப்புறம்தான். எஸ்டிமேட்ல எபாக்சி, டூகேன்னு பேரு போட்டு எழுதி வாங்கு, ஜிஎஸ்டி பில்லு இல்லாம சல்லிசா முடிச்சுத் தரேன்னா வேணாம்னுடு. வேலை கெட்டுப்போனா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல ரெண்டு வருஷத்துக்குள்ள கேஸ் போடலாம், நீ கடைக்குக் குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் கெடையாது, அதுக்கு முன்னாடி நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு ஒரு போன் பண்ணிப் பாரு. கலர் மாத்தறதா இருந்தா ஆர்டிஓ ஆபீஸ்ல ஆர்சில ஏத்தணும், தாத்தா கலரே போட்டா அந்த அலைச்சலும் இல்ல.