கன்னத்துக்கும் லிப்ஸ்டிக்: வாசகியர் கேள்வி, அழகுக்கலை பதில்

தனியாக ப்ளஷ் வாங்காமல், இருக்கிற ரோஸ் நிற லிப்ஸ்டிக்கையே கன்னத்தில் தேய்க்கிறேன். காம்பாக்ட் போட்டு முடித்த பிறகு தேய்த்தால் திட்டுத்திட்டாக நின்றுவிடுகிறது. எங்கே தவறு?
– வாசகி, மதுரை

லிப்ஸ்டிக்கில் தவறில்லை, வரிசையில்தான் தவறு. லிப்ஸ்டிக் என்பது மெழுகும் எண்ணெயும் நிறமியும் சேர்ந்தது. காம்பாக்ட் பவுடரின் மேல் எண்ணெய்ப் பசை பட்டதும் பவுடர் அதை உறிஞ்சி அங்கங்கே கட்டிக்கொள்ளும். அதற்கு மேல் எவ்வளவு தேய்த்தாலும் பரவாது. பசை வகை எல்லாம் முதலில், பவுடர் வகை எல்லாம் கடைசியில். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முகம் கழுவி மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் தடவி ஐந்து நிமிடம் விடுங்கள். ஃபவுண்டேஷன் போடுகிறவர் என்றால் அதையும் போட்டு முடித்துவிடுங்கள். இப்போது லிப்ஸ்டிக். அதைக் கன்னத்தில் நேராக இழுக்க வேண்டாம். புறங்கையில் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரே ஒரு கோடு போடுங்கள். இரண்டு கன்னத்துக்கும் அதுவே போதும். மோதிர விரலால் அந்தக் கோட்டை நாலைந்து முறை வட்டமாகத் தேய்த்தால் உடம்புச் சூட்டில் மெழுகு இளகும். விரலில் ஒட்டியதில் பாதியை டிஷ்யூவில் ஒற்றி எடுத்துவிட்டு, மீதியைக் கன்னத்தில் மூன்று புள்ளியாக வையுங்கள்: கருவிழிக்கு நேர் கீழே ஒன்று, கன்ன எலும்பின் மேட்டில் ஒன்று, அங்கிருந்து நெற்றிப்பொட்டை (கண்ணோரத்துக்கும் காதுக்கும் இடைப்பட்ட பகுதி) நோக்கி ஏறும் வழியில் ஒன்று. பிறகு தட்டித் தட்டியே பரப்புங்கள். தேய்த்தால் அடியில் இருக்கும் ஃபவுண்டேஷன் பெயர்ந்து, நடுவில் தோல் தெரியும்.

மூக்கிலிருந்து இரண்டு விரல் தள்ளியே நிறம் தொடங்க வேண்டும். மூக்கு நுனி மட்டத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் முகம் தொங்கினாற்போலத் தெரியும். ஒரு பக்கம் முடிந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள். மஞ்சள் விளக்குக்குக் கீழே சிவப்பு மங்கலாகத் தெரிவதால், அங்கே நின்று போட்டுக்கொண்டவர்கள் வெளியே வரும்போது திருஷ்டிப் பொம்மை மாதிரி இருப்பார்கள்.

திருப்தி என்றால் காம்பாக்ட்டைப் பஃபில் எடுத்து ஒற்றுங்கள், இழுக்காதீர்கள். நிறம் கைமீறிப் போய்விட்டதா? துடைக்க வேண்டாம். ஃபவுண்டேஷன் போட்ட ஸ்பாஞ்சில் ஒட்டியிருக்கும் மிச்சத்தை அதன் மேல் லேசாக ஒற்றினாலே அடங்கிவிடும்.

லிக்விட் மேட் லிப்ஸ்டிக்தான் என்னிடம் இருக்கிறது. கன்னத்தில் வைத்துப் பரப்புவதற்குள் காய்ந்து வட்டமாகப் பதிந்துவிடுகிறது.
– வாசகி, கோவை

அது காய்வதற்கென்றே செய்யப்பட்டது. ஐசோடோடெகேன் போன்ற எளிதில் ஆவியாகும் கரைப்பானும், காய்ந்ததும் படலமாகப் பிடித்துக்கொள்ளும் ரெசினும் அதில் இருக்கும். வைத்த ஒரு நிமிடத்துக்குள் படலம் இறுகிவிடும். இறுகிய ஓரத்தை விரலால் கரைக்க முடியாது.

அதுதான் கையில் இருக்கிறது என்றால், கடுகளவு எடுத்துப் புறங்கையில் ஒரு சொட்டு முக எண்ணெயோ ஃபவுண்டேஷனோ கலந்து, ஒரு கன்னத்தை முழுதாக முடித்த பிறகு அடுத்ததற்குப் போங்கள். தண்ணீர் அதிகமுள்ள மாய்ஸ்சரைசரோடு கலந்தால் சில சமயம் திரிதிரியாக உருளும். எண்ணெய் கலந்தால் இறுகாது, ஆனால் அதன் ‘நாள் முழுக்க நிற்கும்’ குணமும் போய்விடும்.

கன்னத்துக்குப் பொருத்தமானது க்ரீம் அல்லது சாட்டின் வகைக் குச்சி லிப்ஸ்டிக். லிப் கிளாஸ் வேண்டாம். காற்றடித்தால் முடியெல்லாம் கன்னத்தில் ஒட்டும். மினுமினுப்பு கலந்தது கன்னத்தில் இருக்கும் ரோமக்குழிகளையும் பருத்தழும்பையும் எடுத்துக் காட்டும், அதிலும் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்தால் கேட்கவே வேண்டாம்.

நான் நல்ல கருப்பு. பேபி பிங்க் போட்டால் கன்னம் சாம்பல் பூத்தது போல இருக்கிறது. எனக்கு ப்ளஷே ஒத்துவராதா?
– வாசகி, ஈரோடு

ஒத்துவராதது அந்த ஷேட்தான். வெளிர் நிறங்களை உண்டாக்க டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளை நிறமியைச் சேர்ப்பார்கள். கருத்த தோலில் அந்த வெள்ளைதான் முதலில் கண்ணில் படும். அதுவே நீங்கள் சொல்லும் சாம்பல். உதட்டு நியூட் ஷேட்களிலும் இதே தொல்லை உண்டு.

குச்சியில் பார்க்கும்போது ‘ஐயோ, இவ்வளவு அழுத்தமா’ என்று தோன்றுவதைத்தான் நீங்கள் எடுக்க வேண்டும்: மெரூன், பிளம், நாவற்பழ நிறம், செங்கல் சிவப்பு. மெல்லிசாகப் பரப்பினால் தோலின் நிறத்தோடு கலந்து இயல்பான சிவப்பாக நிற்கும். மாநிறத்துக்குச் செங்கல், ஆழ்ந்த ரோஸ், பவள நிறம் நன்றாக வரும். சிவந்த மேனிக்குப் பீச்சும் இளம் ரோஸும் போதும். மங்கு இருக்கிற இடத்தில் மட்டும் பழுப்புச் சாயல் உள்ள ஷேட்டைத் தவிருங்கள், மங்கு இன்னும் தூக்கலாகத் தெரியும்.

லிப்ஸ்டிக்கைக் கன்னத்தில் போட்டால் பரு வருமா?
– வாசகி, தஞ்சாவூர்

எல்லோருக்கும் வராது, பரு வரும் வாகு உள்ளவர்களுக்கு வரலாம். உதட்டில் ரோமக்கால் இல்லை, எண்ணெய்ச் சுரப்பியும் பெரும்பாலும் இல்லை. கன்னத்தில் இரண்டும் உண்டு. உதட்டைக் கணக்கில் வைத்துச் செய்த கெட்டியான எண்ணெயும் மெழுகும் அந்தத் துளைகளை அடைக்கக்கூடும். லேபிளில் லானோலின், ஐசோபுரோப்பைல் மிரிஸ்டேட் என்று முன்வரிசையிலேயே இருந்தால் பரு முகத்துக்கு அது வேண்டாம்.

உதட்டைப் பருமனாகக் காட்டும் ‘ப்ளம்ப்பிங்’ வகையைக் கன்னத்துப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதில் மிளகாய்ச் சத்தோ புதினா எண்ணெயோ இருக்கும், கன்னம் எரியும். போட்டதும் நிறம் மாறும் குச்சிகளில், லேபிளில் சி.ஐ. 45410, சி.ஐ. 45380 என்ற எண்களால் குறிக்கப்படும் சாயங்கள் இருக்கும். அவை தோலையே சாயமேற்றுபவை. கண்ணாடியில் சரியாகத் தெரிந்து, பத்து நிமிடத்தில் அடர்ந்த ரோஸாகி, கழுவினாலும் லேசில் போகாது.

புதுக் குச்சி என்றால் தாடைக்குக் கீழே சிறிது தடவி இரண்டு நாள் பாருங்கள். அரிப்பும் சிவப்பும் பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும். பரு தெரிய வாரக்கணக்கில் ஆகும். இன்னொன்று: பருவின் மேல் உரசிய குச்சி மறுபடி உதட்டுக்குப் போகக் கூடாது. மேக்கப் போட வருகிறவர் குச்சியை நேராக உங்கள் முகத்தில் வைத்தால் தயங்காமல் தடுத்துவிடுங்கள். ஸ்பேட்டுலாவால் சுரண்டித் தட்டில் எடுத்துப் போடுவதுதான் முறை. உதட்டில் வரும் ஹெர்பஸ் கொப்புளம் பொதுக் குச்சி வழியாகப் பரவலாம்.

கருவளையத்தின் மேல் சிவப்பு லிப்ஸ்டிக் தடவி அதன்மேல் கன்சீலர் போடலாமா?
– வாசகி, சென்னை

நீலச் சாயலை ஆரஞ்சுச் சிவப்பு அடக்கும் என்பது உண்மைதான். ஆனால் லிப்ஸ்டிக்குகளில் சர்வசாதாரணமாக இருக்கும் சி.ஐ. 15850 என்ற சிவப்பைக் கண்பகுதிக்கு அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதிக்கவில்லை. கண்ணுக்குக் கீழே எலும்பு தட்டுப்படும் விளிம்பு வரைக்கும் கண்பகுதிதான். இரும்பு ஆக்சைடு நிறமி உள்ள பீச் அல்லது ஆரஞ்சு கரெக்டர் தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள். இந்தச் செலவில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

உடைந்துபோன லிப்ஸ்டிக்கை உருக்கி டப்பா ப்ளஷ் செய்ய முடியுமா?
– வாசகி, நாகர்கோவில்

முடியும். ஒரு முழுக் குச்சி சுமார் மூன்றரை கிராம் இருக்கும். பாதிக் குச்சிக்குக் கால் டீஸ்பூன் வாசலின். சுத்தமான எவர்சில்வர் கரண்டியில் இரண்டையும் போட்டு, கொதிக்கும் தண்ணீரில் கரண்டியின் அடி மட்டும் படும்படி பிடியுங்கள். நேரடித் தீ வேண்டாம். வாசனைப் பொருள் கருகும், நிறமும் மாறும். பல்குத்தும் குச்சியால் கிளறி, ஸ்பிரிட்டில் துடைத்து உலர்த்திய சின்ன டப்பாவில் ஊற்றுங்கள். நன்றாக ஆறிய பிறகே மூட வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோத்து உள்ளே சொட்டும். தண்ணீர் சேர்ந்த இடத்தில் பூஞ்சை வரும்.

வாசலினுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் என்று பலரும் சொல்கிறார்கள். அது 24 டிகிரியிலேயே உருகிவிடும், நம் ஊர் வெயிலுக்கு டப்பாவில் குழம்பாகத்தான் நிற்கும். வாசலின் கலவையே கோடையில் இளகினால் மிளகளவு தேன்மெழுகு சேர்த்து மறுபடி உருக்குங்கள்.

மே மாதத்தில் தங்கை கல்யாணம். காலை முகூர்த்தத்தில் போடுவது மதியப் பந்தி வரை நிற்குமா?
– வாசகி, வேலூர்

லிப்ஸ்டிக் மட்டும் நிற்காது, வியர்வையோடு வழியும். மெல்லிசாக லிப்ஸ்டிக், அதன்மேல் காம்பாக்ட், அதற்கும் மேல் அதே சாயலில் பவுடர் ப்ளஷ் ஒரு சுற்று என்று போட்டால் தாக்குப்பிடிக்கும். வியர்த்தால் டிஷ்யூவால் ஒற்றுங்கள். இரவு கலைக்கும்போது க்ளென்சிங் பாம் அல்லது எண்ணெய் தடவி ஒரு நிமிடம் விட்டுத் துடைத்து, பிறகு ஃபேஸ்வாஷ். வெறும் ஃபேஸ்வாஷுக்கு மெழுகு முழுதாகப் போகாது.

பீரோவில் கிடந்த லிப்ஸ்டிக்கின் மேல் முத்து முத்தாக நீர் கோத்திருக்கிறது. கெட்டுவிட்டதா?
– வாசகி, சேலம்

அது நீரல்ல, எண்ணெய். வெயில் காலத்தில் மெழுகு இளகி, எண்ணெய் பிரிந்து மேலே வரும். டிஷ்யூவால் ஒற்றிவிட்டு முகர்ந்து பாருங்கள். வாசனை பழையபடியே இருந்தால் பயன்படுத்தலாம். சிக்கு வாடை அடித்தாலோ, வெள்ளையாகவோ கறுப்பாகவோ பூஞ்சைப் புள்ளி இருந்தாலோ, கன்னத்துக்கும் வேண்டாம், உதட்டுக்கும் வேண்டாம். அடியில் திறந்த டப்பா படத்துக்குள் 12 அல்லது 24 என்று இருப்பது, திறந்த பிறகு எத்தனை மாதம் என்பதற்கான கணக்கு.