அழைப்பும் பாடவேளையும் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தான்சானியாவின் தெற்கு மேட்டுநிலத்தில், இரிங்கா வட்டாரத்தில் உள்ள ஒரு திருச்சபை உயர்நிலைப் பள்ளியில் கடந்த ஜனவரியில் மிஷனரி ஆசிரியையாகச் சேர்ந்தேன். இயற்பியலும் கணக்கும் எடுக்கிறேன். முதலாம் படிவத்து, அதாவது உயர்நிலைப் பள்ளியின் முதல் ஆண்டு மாணவிகள் எதைக் கேட்டாலும் “யெஸ் டீச்சர்” என்கிறார்கள். தேர்வு வைத்தால் வெற்றுத்தாள்தான் வருகிறது. பெற்றோர் கூட்டம் மூன்று மணிக்கு என்று சொன்னார்கள். பிற்பகலில் போய் நின்றேன், அது காலை ஒன்பதுக்கே நடந்து முடிந்துபோயிருந்தது. கடைத்தெருவில் என்னை வசதியான இந்திய வியாபாரி வீட்டுப் பெண் என்றே நினைக்கிறார்கள். என்னை அனுப்பிய சபைக்கு மாதந்தோறும் ஜெப அறிக்கை எழுத வேண்டும், எழுத ஒன்றுமில்லை. கடவுள் என்னை இந்த ஊழியத்துக்கு அழைத்தார் என்று நம்பியதே, என் அழைப்பே, தவறோ என்று தோன்றுகிறது. அந்த நாட்டில் பணியாற்றியவர் என்பதால் உங்களைக் கேட்கிறேன்: திரும்பிவிடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

ஊழிய அழைப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நான் சம்பளத்துக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க அங்கே போனவன். ஆனால் உங்கள் கடிதத்தில் அழைப்பைப் பற்றி இருப்பது ஒரே ஒரு வரி. மற்றவையெல்லாம் மொழியையும் மணியையும் கடைத்தெருவையும் பற்றியவை. இவற்றால் வந்த சோர்வை அழைப்பின் கணக்கில் எழுதிவிட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

வகுப்பறையிலிருந்து தொடங்குவோம். உங்கள் முன் உட்கார்ந்திருக்கும் பெண்களில் பெரும்பாலோர் தொடக்கப் பள்ளியின் ஏழு ஆண்டுகளையும் சுவாஹிலியில் படித்தவர்கள். ஆங்கிலம் அவர்களுக்கு ஒரு பாடமாக மட்டுமே இருந்தது. முதலாம் படிவத்தில் கால் வைத்ததும், சில வார ஆயத்த வகுப்புக்குப் பிறகு, இயற்பியல், உயிரியல், புவியியல், கணக்கு அத்தனையும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகின்றன. தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் பொறியியல் கல்லூரிக்குப் போன நம் பிள்ளைகள் முதல் பருவத்தில் எப்படி வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்களோ, அதே நிலைதான். வயது மட்டும் இங்கே நான்கைந்து ஆண்டு குறைவு. தனியார் ஆங்கிலவழித் தொடக்கப் பள்ளியிலிருந்து வந்த இரண்டு மூன்று பேர் பதில் சொல்வார்கள், அதைக் கேட்டு வகுப்பே புரிந்துகொண்டதாக ஆசிரியர் நினைத்துக்கொள்வார். மற்றவர்கள் கரும்பலகையில் இருப்பதை அளவுகோல் வைத்து, தலைப்புக்குச் சிவப்பு மையில் கோடிட்டு, நீங்கள் தவறாக எழுதியிருந்தால் அந்தத் தவறு உட்பட, அழகாகப் பார்த்தெழுதிவிடுவார்கள். புரியவில்லை என்று ஆசிரியர் முகத்துக்கு நேரே சொல்வது அவர்களுக்கு மரியாதைக் குறைவு. அந்த “யெஸ் டீச்சர்” உங்கள் பாடத்தைப் பற்றிய பதிலே அல்ல.

விழுக்காடு பற்றி நான் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கணக்கை இப்படித்தான் ஒரு வகுப்பு வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அதையே என் கொச்சையான சுவாஹிலியில், சந்தையில் ஒரு வாளித் தக்காளி இத்தனை ஷில்லிங், மழைக்காலத்தில் விலை இவ்வளவு ஏறினால் எத்தனை என்று கேட்டபோது, முதலில் என் உச்சரிப்புக்குச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து விடை வந்துவிட்டது. ஆகவே நீங்கள் உடனே செய்யவேண்டியது சுவாஹிலி கற்பது, அதுவும் பிரசங்கத்துக்கான சுவாஹிலியை அல்ல, கூட்டல் கழித்தலுக்கும் விசைக்கும் வேகத்துக்குமான சுவாஹிலியை. மாணவிகளை இருவர் இருவராகத் தங்கள் மொழியில் பேசிவிட்டு விடையை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். பல பள்ளிகளில் வளாகத்துக்குள் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்ற விதி உண்டு; அது மோசமான விதி என்பது என் எண்ணம், ஆனாலும் முதல் ஆண்டிலேயே அதை மீறாமல் தலைமையாசிரியரிடம் பேசி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் வழிக்கு முன்னோடி நம்மூரிலேயே உண்டு. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, உள்ளூர் ஆசிரியர் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் செய்து, பிள்ளைகளோடு தாமும் உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். அப்போது அவருக்கு வயது இருபதுகளின் நடுவில்தான். ஏறக்குறைய உங்கள் வயதாகவும் இருக்கலாம்.

மணி விஷயம் சிறியது. பூமத்தியரேகைக்குப் பக்கத்து நாடு என்பதால் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஆறு மணிக்கே விடிகிறது. அங்கிருந்து எண்ணத் தொடங்கி நம் ஏழு மணியை ஒன்று என்கிறார்கள், ஒன்பது மணியை மூன்று என்கிறார்கள். சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய தாத்தா பாட்டிகளின் பேரப்பிள்ளைகளுக்கு இது ஒரு வாரத்தில் பழகிவிடும்.

கடைத்தெரு அவ்வளவு எளிதல்ல. அங்கே இந்தியர் என்றால், பல தலைமுறைகளாகக் கடைவீதிகளை வைத்திருந்த, பெரும்பாலும் குஜராத்தி வணிகர்கள். 1971இல் வாடகைக் கட்டடங்களை அரசுடைமையாக்கியபோது அதிகம் இழந்தவர்கள் அவர்களே. அந்த நெடுங்கதையின் மிச்சம் உங்கள் முகத்தின் மேல் விழுகிறது. வெள்ளைக்கார மிஷனரிக்குத் தயாராக ஓர் இடம் இருக்கிறது, நல்லதோ கெட்டதோ. இந்திய மிஷனரிக்கு அதுகூட இல்லை. தவிர, நீங்கள் போயிருப்பது புதிதாய்ச் சுவிசேஷம் கேட்கும் நாட்டுக்கும் அல்ல. தெற்கு மேட்டுநிலத்தில் மொராவிய, பெர்லின் என்ற ஜெர்மானிய மிஷன்கள் 1891இலேயே வந்துவிட்டன. இன்று பேராயர்களும் ஆயர்களும் அந்நாட்டவர்களே. அவர்கள் சபையில் வேலைக்கு வந்த விருந்தாளி நீங்கள்.

இதற்கு நான் கண்ட வழி வணக்கம்தான். வயதில் இளையவர் மூத்தவருக்கு “ஷிகமூ” சொல்ல வேண்டும், மூத்தவர் “மரஹபா” என்பார். இதில் பதவிக்கு இடமில்லை. மாணவிகள் உங்களுக்குச் சொல்லும்போது நீங்கள் ஆசிரியை. ஆனால் சமையற்கூடத்தில் பெரிய மரத்துடுப்பால் உகாலி என்ற மக்காச்சோள மாவுக் களியைக் கிளறிக்கொண்டிருக்கும் மூதாட்டிக்கும் வாயிற்காவலர் முதியவருக்கும் நீங்கள்தான் முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். “ஹபாரி” என்று பொதுவாக விசாரித்துவிட்டு நகரும் பட்டதாரி ஆசிரியரை அவர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்கள், நல்லவிதமாக அல்ல. சொல்லி நின்று, வீடு எப்படி, பிள்ளைகள் எப்படி, உறங்கினீர்களா என்று கேட்டு முடிக்கும்வரை அவசரப்படாதீர்கள். கடைத்தெருவில் உங்களைப் பற்றிப் பேசப்போகிறவர்கள் இவர்கள்தாம்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. கியேலா அரிசி கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், மணமான அரிசி. ஜூன், ஜூலையில் அங்கே நல்ல குளிர், கம்பளி வேண்டும். விடுமுறையில் விடுதி காலியாகும் அந்த வாரங்களில்தான் தனிமை அதிகமாக உறுத்தும். அப்போது எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

ஜெப அறிக்கையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. மெலிந்த குழந்தையின் படமும் அதன்கீழே ஒரு வசனமும் இருந்தால்தான் காணிக்கை வரும் என்று நம் சபைகள் பழகிவிட்டன. அந்தப் பெண்களின் தகப்பன்மார் சோளமோ தேயிலையோ விளைவித்துக் கட்டணம் கட்டிப் படிக்க வைக்கிறார்கள். தங்கள் மகளின் படம் தஞ்சாவூரிலோ பாளையங்கோட்டையிலோ இரக்கத்துக்காகச் சுற்றில் விடப்படுவதை அவர்கள் விரும்புவார்களா? எழுத ஒன்றுமில்லை என்கிறீர்கள். ஏழு ஆண்டுகள் ஒரு மொழியில் படித்த பிள்ளைகள் வேறொரு மொழியில் இயற்பியல் படிக்கத் திணறுவதையும், நீங்கள் சுவாஹிலியில் திணறுவதையும் அப்படியே எழுதுங்கள். அதற்காக ஜெபிக்கத் தெரியாத சபை இருக்காது.

கடைசியாக, திரும்புவது பற்றி. இப்போது உங்களிடம் இருக்கும் முதலாம் படிவத்தார் அடுத்த ஆண்டு இறுதியில் இரண்டாம் படிவத் தேசியத் தேர்வை எழுதுவார்கள். அதில் தவறினால் அதே வகுப்பில் மறுபடி படிக்க நேரலாம். அதுவரையாவது இருங்கள். அதன்பிறகும் போவதென்று முடிவுசெய்தால், தலைமையாசிரியருக்கு ஒரு பருவம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்; அந்தப் பக்கத்தில் இயற்பியல் ஆசிரியர் எளிதில் கிடைப்பதில்லை.

அன்புடன்.