கணவாயின் அறிவியல் வகைப்பாடு என்ன? ஒரு புத்தகத்தில் ‘செபியா ஃபாரோனிஸ்’, இன்னோர் இடத்தில் ‘அகாந்தோசெபியன் ஃபாரோனிஸ்’ என்று இருக்கிறதே, எது சரி?

இரண்டும் ஒரே கடல் விலங்குதான். இன்று ஏற்கப்படுவது இரண்டாவது பெயர். பழைய பெயரை எழுதினாலும் விஷயம் தெரிந்தவர்களுக்குப் புரியும். குழப்பம் பேரினத்தில், அதாவது பெயரின் முதல் சொல்லில்தான் இருக்கிறது, அதற்கு மேலே உள்ள படிகளை முதலில் பார்த்துவிடலாம்.

மெல்லுடலிகள் தொகுதி, அதாவது நத்தை, சிப்பிகளின் சொந்தக்காரர். அதில் தலைக்காலிகள் வகுப்பு. வெளியே ஓடு சுமக்கும் நாட்டிலஸ் ஒரு கிளையாகப் பிரிந்துவிடுகிறது. ஓட்டை உடலுக்குள் இழுத்துக்கொண்டவையும் அடியோடு இழந்தவையும் கோலியாய்டியா என்ற துணைவகுப்பு. அங்கே எட்டுக் கை ஆக்டோபஸ் தனி. எட்டுக் கைகளோடு இரை பிடிக்க இரண்டு நீண்ட பற்றுக்கரங்களும் உள்ளவை டெக்காபாடிஃபார்மிஸ். ஊசிக்கணவாயும் இதில்தான் வரும். அப்புறம் செபீடா வரிசை, செபிடே குடும்பம். இன்று வாழும் நூற்றுக்கும் மேற்பட்ட கணவாய் இனங்கள் எல்லாமே இந்த ஒரே குடும்பத்துக்குள் அடக்கம். தேர்வுக்குக் கேட்டிருந்தால் இதுவரை போதும்.

உயிரினங்களுக்கு இரட்டைச் சொல் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் 1758இல் கணவாய், ஊசிக்கணவாய், ஆக்டோபஸ் மூன்றையும் ‘செபியா’ என்ற ஒரே பேரினத்தில் போட்டு, அதைப் ‘புழுக்கள்’ வகுப்பில் சேர்த்திருந்தார். அந்தப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போனதுதான் பிற்கால வரலாறு. கடைசியில் ‘செபியா’ கணவாய்களுக்கு மட்டும் மிஞ்சியது. ஆனாலும் அது பெரிய மூட்டைதான். நீண்ட காலமாக மூன்றே பேரினங்கள்: செபியா, வால்புறத்தில் சுரப்பித் துளை உள்ள செபியெல்லா, உடலைவிட மிகச் சின்ன ஓடு கொண்ட மெட்டாசெபியா. பெரும்பாலான இனங்கள் செபியாவிலேயே கிடந்தன.

பிரிப்பதற்குக் கையில் இருந்த முக்கியத் தடயம் உள்ளே இருக்கும் ஓடு. ஆனால் அதுதான் கணவாய்க்கு மிதவையும்கூட. அடுக்கடுக்கான சிறு அறைகளில் வாயுவையும் நீரையும் கூட்டிக் குறைத்து மிதப்பைச் சரிசெய்துகொள்கிறது. ஆக, எந்த ஆழத்தில் வாழ்கிறது என்பதும் ஓட்டின் அமைப்பில் பதிந்துவிடும். நெருங்கிய உறவே இல்லாத இரண்டு இனங்களுக்கு ஒத்த ஓடு அமைய வாய்ப்பு உண்டு. ஓட்டை மட்டும் நம்பிக் குடும்ப மரம் வரைவது ஆபத்து என்பதற்கு இதுவே காரணம்.

2023இல் வந்த ஒரு மறுஆய்வு ஓட்டையும் மரபணுவையும் சேர்த்துப் பார்த்து, அந்த மூட்டையைப் பல பேரினங்களாகப் பிரித்தது. எனக்குப் பிடித்த பகுதி இதுதான்: அகாந்தோசெபியன், ஆஸ்கரோசெபியன் போன்ற பெயர்கள் புதியவை அல்ல. ரோஷ்ப்ரூன் என்ற பிரெஞ்சுக்காரர் 1884இலேயே வைத்தவை. பெரும்பாலும் கண்டுகொள்ளப்படாமல் கிடந்து, நூறாண்டு தாண்டித் திரும்பி வந்திருக்கின்றன. மெட்டாசெபியா என்ற பெயரை ஹாயில் என்ற ஆய்வாளர் வைத்தது 1885. அதன் இனங்களும் ஆஸ்கரோசெபியன் கூட்டத்தில்தான் சேரும் என்று முடிவானதும், முந்திய பெயருக்கே உரிமை என்ற விதிப்படி ஒரே ஒரு வருட வித்தியாசத்தில் மெட்டாசெபியா போய்விட்டது. வண்ணம் மாறி மாறி மின்னும் அந்தக் குட்டிக் கணவாய் இப்போது ஆஸ்கரோசெபியன் ஃபெஃபெரி. ஆஸ்திரேலியாவின் ராட்சதக் கணவாய் ஆஸ்கரோசெபியன் அபாமா. ‘செபியா அஃபிசினாலிஸ்’ மட்டும் இடம் மாறவே மாறாது, அந்தப் பேரினத்தின் மாதிரி இனமே, அதாவது பேரினப் பெயர் எதோடு கட்டப்பட்டிருக்கிறதோ அந்த இனமே அதுதான்.

பெயர் மாறியதா என்று கண்டுபிடிக்க ஒரு சுலப வழி உண்டு. ‘செபியா அஃபிசினாலிஸ் லின்னேயஸ், 1758’ என்பதில் அடைப்புக்குறி இல்லை. ‘அகாந்தோசெபியன் ஃபாரோனிஸ் (எரென்பெர்க், 1831)’ என்பதில் இருக்கிறது. முதலில் விவரித்தவர் வேறு பேரினத்தில் வைத்திருந்தார் என்று அதற்குப் பொருள். நீங்கள் கட்டுரை எழுதுவதாக இருந்தால் முதல் தடவை இரண்டு பெயரையும் குறிப்பிட்டுவிடுங்கள். ஃபாரோனிஸ் ஒரே இனம்தானா என்பதிலும் சிக்கல் இருக்கிறது. மரபணு ஆய்வுகள் அதற்குள்ளேயே பல தனிக் கிளைகளைக் காட்டுகின்றன. அதனால் இந்தப் பெயர் இன்னொரு முறை உடைந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.