காய்ச்சல் இறங்கியும் கன்றுக்கு மூச்சு வாங்குவது ஏன்?

கேள்வி: இரண்டு மாதக் கன்றுக்கு இருமலும் 105 டிகிரி காய்ச்சலும் இருந்தன. மருத்துவர் மூன்று நாள் ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டதில் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆனால் இன்னும் விலா ஏறி இறங்க மூச்சு வாங்குகிறது. ஸ்டீராய்டு ஊசி போட்டால் மாலையே எழுந்து பால் குடிக்கும் என்கிறார் மருந்துக் கடைக்காரர். போடலாமா?

பதில்: கடைக்காரர் சொல்லுக்காகப் போடாதீர்கள். காய்ச்சல் போன பிறகும் மூச்சு ஏன் வாங்குகிறது என்றுதான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

நுரையீரலின் காற்றறைகளில் மேக்ரோஃபேஜ் என்னும் காவல் அணுக்கள் இருக்கின்றன. கிருமியைக் கண்டதும் இவை இன்டர்லூக்கின்-8 போன்ற வேதிப்பொருள்களை வெளியிடும். இரத்தத்தில் ஓடும் நியூட்ரோபில் வெள்ளணுக்கள் குழாய்ச் சுவரில் ஒட்டி, அந்தப் பொருள் அடர்ந்திருக்கும் பக்கமாகப் புகுந்து வரும். வந்தவை லூக்கோட்ரையீன் பி4 என்னும் வேதிப்பொருளைச் சுரந்து மேலும் பல வெள்ளணுக்களை வரவழைக்கும். கிருமிக்காக அவை கொட்டும் நொதிகள் காற்றறைச் சுவரையும் அரித்துவிடும். கன்றுகளுக்கு நிமோனியா தரும் மான்ஹீமியா என்னும் கிருமி என்றால் பாதிப்பு இன்னும் கடுமை. அதன் நச்சு, அசைபோடும் விலங்குகளின் வெள்ளணுக்களையே உடைத்து, நொதி முழுவதையும் அங்கேயே கொட்டவைக்கிறது. ஆன்டிபயாட்டிக் கிருமியைக் கொல்லுமே தவிர, அரித்த சுவரை ஆற்றாது. அதற்கு நாளாகும்.

ஸ்டீராய்டு, வெள்ளணு குழாய்ச் சுவரில் ஒட்டுவதையே தடுக்கிறது. கன்று தேறிவிட்டதுபோலத் தெரியும். எஞ்சிய கிருமியோ தடையின்றிப் பெருகும். மாலையில் பால் குடித்த கன்று சில நாளில் மீண்டும் விழுந்தால் அந்தக் கடைக்காரர் வந்து நிற்கமாட்டார். இந்த அழற்சியைத் தணிக்க, ஸ்டீராய்டு அல்லாத மெலாக்சிகாம் என்னும் மருந்து பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

உங்கள் கடிதத்தில் கொட்டகையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கன்று படுக்கும் இடத்தில் மண்டியிட்டு, அதன் மூக்கு உயரத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரிகிறதா? முழங்கால் நனைகிறதா? சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளும் நுண்மயிர்களை முடக்குகிறது. வெளியேற வேண்டிய கிருமி உள்ளே இறங்குகிறது. நின்றபடி மோந்து பார்த்து நாற்றமில்லை என்று சொல்லாதீர்கள். கன்று இரவெல்லாம் தரையோடு கிடக்கிறது. குளிருக்குப் பயந்து நாலாபுறமும் படுதா கட்டுவதைவிடப் பெரிய தவறு கன்று வளர்ப்பில் இல்லை என்பேன். மேலே காற்று வெளியேறத் திறப்பு வேண்டும்; கீழே கால் புதையும் அளவுக்கு உலர்ந்த வைக்கோல் வேண்டும்.

இன்றே கன்றை உலர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். காலை, மாலை வெப்பநிலை பாருங்கள். 103 டிகிரியைத் தாண்டினாலோ, வாய் திறந்து மூச்சுவிட்டாலோ உடனே மருத்துவரை அழையுங்கள். பக்கத்தில் கட்டியிருந்த கன்றுகளையும் அவரிடம் காட்டுங்கள்.