வெளிநாட்டில் இருந்து தத்தெடுத்த பெரிய பிள்ளை ஏன் சாப்பாட்டை ஒளித்து வைக்கிறது?

வெளிநாட்டுத் தத்தெடுப்பு என்றால், ஒரு நாட்டில், பெரும்பாலும் சிறுவர் இல்லத்தில், வளரும் பிள்ளையை வேறு நாட்டுப் பெற்றோர் சட்டப்படி தங்கள் பிள்ளையாக்கிக் கொள்வது. இதற்காகப் பல நாடுகள் சேர்ந்து செய்த 1993 ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை, சொந்த நாட்டிலேயே குடும்பம் கிடைக்குமா என்று முதலில் பார்க்கச் சொல்கிறது, 1995 முதல் இலங்கையிலும் அது நடைமுறையில் உள்ளது. அப்படித் தேடுவதற்குக் காலம் எடுக்கும், அதனால் பிள்ளை ஆறேழு வயதில் வந்து சேர்வதும் நடக்கிறது.

வந்த பிறகு தலையணைக்குக் கீழே காய்ந்த பாண் துண்டு, பள்ளிக்கூடப் பையில் நசிந்த வாழைப்பழம். மூன்று நேரமும் வயிறாரக் கொடுக்கிறோமே, பிறகு ஏன்?

பசி இல்லை, பயம். பல இல்லங்களில் சாப்பாடு குறித்த நேரத்துக்குத்தான், இரண்டாம் தரம் கேட்க முடியாது, பெரிய பிள்ளை பறித்தால் போனதுதான், அதோடு பார்த்துக்கொள்பவர்களும் மாறிக்கொண்டே இருப்பார்கள். தரும் கை நாளைக்கும் இருக்கும் என்பதை அந்தப் பிள்ளை பழகவே இல்லை. ருமேனிய இல்லங்களில் இருந்து பிரிட்டனுக்குத் தத்துப் போன பிள்ளைகளைப் பல வருடம் தொடர்ந்த ஆய்விலும், ஆறு மாதத்துக்கு மேல் இல்லத்தில் இருந்தவர்களுக்கே சிரமங்கள் கூடுதலாக நீடித்தன.

கொழும்பில் நீர்வெட்டுக்குப் பழகியவர்கள் குழாயில் தண்ணீர் வந்தாலும் வாளியை நிரப்பித்தானே வைப்போம், அதே மாதிரி.

சரி, என்ன செய்யலாம்? பிள்ளையின் அறையிலேயே ஒரு பிஸ்கட் டின் வையுங்கள், எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம் என்று சொல்லுங்கள், குறையக் குறைய நீங்களே நிரப்புங்கள். மாதக்கணக்கில் ஆகலாம், கேள்வி கேட்க வேண்டாம்.

பலர் இதைக் களவு என்று நினைத்து அலுமாரியைப் பூட்டுகிறார்கள். இது களவே இல்லை, பூட்டினால் ஒளிப்பது கூடத்தான் செய்யும்.